வினாவும் நட்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



உங்கள் காரியதரிசி என்னிடம் வந்து ஆண்டு விழாவிற் பேசவேண்டுமென்று கேட்டபொழுது, எதைப்பற்றிப் பேசுவதென்று நான் அவரைக் கேட்டேன். "இளைஞருக்குப் பயன்படக்கூடியதாக ஏதாவது பேசுங்கள், மாஸ்டர்" என்றார். கல்வி, ஒழுக்கம், தொழில், உடல்நலம் என்று இளைஞருக்குப் பயன்படும் பொருள்கள் பல உள. அவற்றைப்பற்றி என்னினும் நன்றாகப் பேச வல்லவர்கள் இச்சபையிலேயே இருக்கின்றனர். நான் ஆசிரியத் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன். வினாக் கேட்பதே என் தொழிலாயிருந்தது. ஆயினும், கேட்கவேண்டிய ஒரு வினாவைக் கேட்கவேண்டிய ஒருவரிடம் கேளாது விட்டவனும் நான்தான். ஆதலால், நண்பர்கள் தம்முள் ஒருவரை ஒருவர் எவ்வாறு வினாவுதல் வேண்டும் என்பதையே இன்று எடுத்துக்கொள்ளுகிறேன்.

நம்மூரில் இருவர் சந்தித்தால் முதலில் எழும் வினா, "என்ன புதினம்?" என்பதாகும். "ஒரு புதினமும் இல்லை" என்பது அதற்கு விடை. "எப்பிடிச் சுகம்?" என்பது அடுத்த வினா. "ஏதோ இருக்கிறம்" என்பது விடை. பின்னர் மழையைப்பற்றி, வெங்காய விலையைப்பற்றி, நேரத்துக்கு வராத பஸ்ஸைப்பற்றி, நேற்று நடந்த கிரிக்கெட் ஆட்டத்தைப்பற்றிப் பேச்சு நடைபெறும். அரைமணி நேரம் கழியும். இருவரும் எழுந்து போவர். வரும்பொழுது ஒருவரைப்பற்றி மற்றவர் அறிந்திருந்தது எவ்வளவோ, போகும்பொழுது அறிந்திருப்பதும் அவ்வளவுதான்.

இத்தகைய பேச்சை நான் இகழ்வதாக எவரும் எண்ணவேண்டாம். வீட்டுக்கு வருபவரை முதலில் விறாந்தையில் இருத்திப் பேசுவது நம் வழக்கம். விறாந்தை இல்லாத வீடு அழகன்று. வந்தவுடன் அடுப்படிவரை நுழைபவரும் நல்ல விருந்தினர் அல்லர். மழையும் விலைவாசியும் பற்றிய பேச்சு நட்புக்கு விறாந்தை போன்றது. அமெரிக்காவில் மத்தியாஸ் மேல் என்னும் உளநூலறிஞரும் அவருடன் சேர்ந்தோரும் மக்களின் அன்றாடப் பேச்சுக்களைச் சிறு கருவிகளால் இடையிடையே ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். 2018ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு யாதெனில், மேலோட்டமான பேச்சு மிகுவதனால் மனமகிழ்ச்சி குறைவதாகத் தோன்றவில்லை. பொருளுள்ள பேச்சு மிகுந்தவரிடத்தில் மனமகிழ்ச்சியும் மிகுந்து காணப்பட்டது என்பதாகும். ஆகவே விறாந்தையில் இருப்பது குற்றமன்று. இருபது ஆண்டுகள் பழகியபின்னும் விறாந்தையிலேயே இருந்துவிட்டு எழுந்து போவதுதான் குறை.

வினா என்பது ஒருதன்மைத்து அன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாக வகுத்தார். அந்நூலுக்கு நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை செய்து நம் பிள்ளைகள் எளிதிற் கற்க வைத்தார். அந்த ஆறும் அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன. பரீட்சைக்காக மனனம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் இலக்கணம் என்று இதனை எண்ணியிருந்தோம். நண்பர் கூட்டத்திலே இதனை வைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

விடை தெரிந்திருந்தும் கேட்பது அறிவினா. கையிற் கூடையுடன் போகிறவரைக் கண்டு "என்ன, சந்தைக்கோ?" என்று கேட்கிறோமே, அஃது இவ்வகையினது. ஏவல்வினா என்பது கட்டளையை உள்ளே வைத்துக் கேட்பது. "இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?" என்று கேட்பவர் செய்தி அறிய விரும்பிக் கேட்கிறாரா? விரைவிற் கட்டு என்றல்லவோ சொல்லுகிறார்! கொளல்வினா, பெறும்பொருட்டுக் கேட்பது. கடையில் அரிசி உண்டோ என்று கேட்பதில் அது பொருந்தும். நண்பனிடத்தில், பிறருக்குச் சொல்லி மகிழ்வதற்காக ஒரு கதையைப் பெறும் நோக்கத்தோடு கேட்டால் அதுவும் கொளல்வினாவே. சம்பளம் எவ்வளவு, சீதனம் எவ்வளவு, விசா வந்ததா என்று துருவுவோர் பெரும்பாலும் இந்தக் கொள்முதலுக்கே வருகின்றனர்.

எஞ்சியவற்றுள் இரண்டைச் சிறப்பாகக் கவனியுங்கள். உண்மையாகவே அறியாமையால், அறியும் விருப்பத்தோடு கேட்பது அறியாவினா. பிள்ளைக்குப் புத்தகம் இல்லையோ என்று, இல்லையேற் கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடைவினா. நண்பன் நண்பனைக் கேட்கும் வினா இவ்விரண்டும் சேர்ந்ததாயிருத்தல் வேண்டும். உன்னை நான் முழுவதும் அறிந்தேனல்லேன் என்னும் பணிவு ஒன்று. நீ சொல்லும் விடைக்கு என் நேரத்தையும் செவியையும் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறேன் என்னும் உறுதி மற்றொன்று. இந்த இரண்டும் இல்லாத வினாவை எத்துணை அழகாகக் கேட்டாலும் அது வெறும் ஓசையே.

இனி, என் குறையைச் சொல்லுகிறேன்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடம் ஒன்றில் என்னுடன் ஓர் ஆசிரியர் இருந்தார். பதினொரு ஆண்டுகள் ஒரே அறையில், ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். நல்ல பகிடிக்காரர். அவர் அறைக்குள் வந்தால் அங்கே சிரிப்பு வரும். நாடோறும் காலையில் "என்ன மாஸ்டர், புதினம்?" என்று நான் கேட்பேன். "புதினம் உங்களிட்டையல்லோ, மாஸ்டர்!" என்பார். ஆசிரியர்களின் லீவுப் பத்திரங்களை வாங்கிப் பதியும் வேலை என்னிடம் இருந்தது. அந்த நண்பர் அதிகம் லீவு எடுப்பவர் அல்லர். ஆனால் ஒவ்வோராண்டும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குறித்த திகதியில், அது பள்ளி நடக்கும் நாளாயின், அவர் லீவு எடுப்பார். சில ஆண்டுகளில் அத்திகதி விடுமுறையில் விழுந்துவிடும். விழாத ஆண்டுகளிலெல்லாம் பத்திரம் வரும். காரணம் என்ற இடத்தில் "சொந்த அலுவல்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார். நான் அதைப் பதிந்துகொள்வேன். மறுநாள் "அலுவல் முடிஞ்சுதோ?" என்பேன். "ஓம், ஓம்" என்பார். கிரிக்கெட்டைப்பற்றிப் பேசத் தொடங்குவோம்.

அவர் இளைப்பாறி மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார். அந்தியேட்டிக்குச் சென்றிருந்தேன். சுவரில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம், பழையது, ஓர் இளைஞனுடையது, மாலையில்லாமல் இருந்தது. யாரென்று அவருடைய மனைவியைக் கேட்டேன். அவருடைய தம்பியாம். 1990ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், வீட்டுக்குக் கோதுமை மா வாங்குவதற்குச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. இன்றுவரை செய்தி இல்லை. செய்தி இல்லாதபடியால் மாலை போடவும் மனம் வரவில்லை. அவனைக் கடைசியாகக் கண்டதாக ஒருவர் சொன்ன சந்தி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அந்தத் திகதியில் என் நண்பர் விடியப் போய், அந்தச் சந்தியிலுள்ள ஒரு மரத்தடியில் பொழுது படும்வரை இருந்துவிட்டு வருவாராம். அதுதான் அந்தச் சொந்த அலுவல்.

"பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் அவர் சொல்லவில்லையே, அம்மா" என்றேன். அந்த அம்மையார் என்னைக் குறைகூறும் எண்ணமில்லாமல், இயல்பாகவே, "ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே, மாஸ்டர்" என்றார்.

அன்று வீடு திரும்பியபொழுது, அவர் எழுதிய அந்த இரண்டு சொற்களே கண்முன் நின்றன. அவரை நாடோறும் வினாவினேன். ஆயினும் அவரை ஒருநாளாவது வினாவினேனல்லேன். கேட்டிருந்தால் தம்பி மீண்டு வந்திருக்கப் போவதில்லை. ஆனால் அந்த மரத்தடியில் ஒருவர் இருந்த இடத்தில் இருவர் இருந்திருக்கலாம்.

நாம் ஏன் கேட்பதில்லை? என் அனுபவத்தில் மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, நம் நாட்டில் நாம் கடந்துவந்த காலம். போர் நடந்த ஆண்டுகளில் வினா என்பது அச்சத்துக்குரியதாயிருந்தது. எந்த ஊர், எங்கே போகிறாய், யாரைத் தெரியும் என்ற வினாக்கள் உயிரோடு சம்பந்தப்பட்டவை. சுருக்கமாக விடை சொல்லப் பழகினோம்; பிறரைக் கேளாதிருக்கவும் பழகினோம். கேளாதிருப்பதே அன்று நண்பனுக்குச் செய்யும் உதவியாயிருந்தது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. அந்தக் காலத்தை அறியாத பிள்ளைகளும் பெற்றோரிடமிருந்து அந்த வாயடைப்பைக் கற்றுக்கொண்டிருக்கின்றனர்.

இரண்டாவது, துருவுவோர் மேலுள்ள வெறுப்பு. ஊர்வாய்க்கு இரை தேடுவோரைப்போல நாமும் ஆகிவிடக்கூடாதென்று நல்லவர்கள் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். இதனால் கேட்கத் தகாதவர்கள் எல்லாவற்றையும் கேட்கின்றனர். கேட்கத் தகுந்தவர்கள் ஒன்றையும் கேட்பதில்லை.

மூன்றாவது, கூச்சம். ஆழமாக ஒன்றைக் கேட்டால் நண்பன் சங்கடப்படுவான் என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் எவ்வளவு சரியென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்து நிக்கலஸ் எப்பிலி முதலிய ஆய்வாளர் சோதித்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒருவரையொருவர் அறியாதவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஆழமான விஷயங்களைப் பேசும்படி விட்டனர். பேசுமுன் அவர்கள் எதிர்பார்த்த சங்கடம் மிகுதி. பேசியபின் உணர்ந்த சங்கடம் குறைவு. தம்முடைய உள்ளத்தை மற்றவர் எவ்வளவு அக்கறையோடு கேட்பார் என்பதை அவர்கள் முன்கூட்டிக் குறைவாகவே மதித்திருந்தனர். அறியாதவர்களுக்கிடையிலேயே இப்படியாயின், பழகிய நண்பர்களிடத்தில் நாம் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

கேட்பது எப்படி என்று நீங்கள் வினவலாம். சங்க இலக்கியத்திலே இதற்கு அழகான ஓர் உதாரணம் உண்டு. கோப்பெருஞ்சோழன் அரசைத் துறந்து வடக்கிருந்தபொழுது, அவனை அதுவரை நேரிற் கண்டறியாத நண்பராகிய பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு வயது அதிகம். தலையில் நரை இல்லை. அங்கிருந்த சான்றோர் அதைக் கண்டு, இத்தனை ஆண்டுகளாகியும் நரையில்லாமல் இருப்பது எவ்வாறு என்று கேட்டனர். புறநானூற்றிலே அவர் கூறிய விடை பாட்டாக இருக்கிறது. மனைவி மக்களின் குணம், ஏவலரின் இயல்பு, அரசன் காக்கும் முறை, தம் ஊரில் வாழும் அடக்கமுள்ள சான்றோர் என்று தம் வாழ்வு முழுவதையும் அவர் ஒரு விடையில் எடுத்துவைத்தார். வாழ்க்கையின் பொருள் யாதென்று அச்சான்றோர் அவரைக் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த தலைமயிரைப்பற்றித்தான் கேட்டனர். ஆனால் "உங்களுக்கு நரையில்லையே!" என்று சொல்லி விட்டுவிடாமல், "அது எவ்வாறு?" என்று கேட்டனர். அந்த "எவ்வாறு" என்ற சொல்லிலேதான் கதவு திறந்தது.

ஆகவே ஆழமான வினா என்றால் பெரிய சொற்களாலான வினா என்று எண்ணவேண்டாம். நண்பனிடத்தில் நீங்கள் கண்ட சிறிய ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். "வேலை எப்படி?" என்றால் "பரவாயில்லை" என்பான். "அந்த வேலையில் உனக்கு அலுக்காத பகுதி எது?" என்று கேட்டால் அவன் யோசிப்பான். "அப்பா சுகமோ?" என்றால் "சுகம்" என்பான். "அப்பாவிடம் நீ பழகிக்கொண்டது எது?" என்றால் விடை வேறாகும். விடை சொல்பவன் சற்று நின்று யோசித்தானாயின் நீங்கள் நல்ல வினாவைக் கேட்டிருக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம். அந்த மௌனத்தை உடனே பேசி நிரப்பிவிடாதீர்கள்.

முதல் விடையோடு நின்றுவிடவும் கூடாது. நன்னூலார் விடையையும் எட்டு வகையாகச் சொன்னார். அவற்றுட் சில நேர்விடைகள். மற்றையவை விடையின் பொருளைச் சுற்றி நின்று உணர்த்துவன. "நாளைக்கு வீட்டுக்கு வருவாயா?" என்று ஒரு நண்பனைக் கேட்கிறோம். "உடம்பு அலுப்பாய்க் கிடக்கு" என்பது உற்றது உரைத்தல். "வந்தால் வீட்டிலே ஏச்சு விழும்" என்பது உறுவது கூறல். "கோயிலடிக்கு வாறன்" என்பது இனமொழி. மூன்றுக்கும் கருத்து வரமாட்டேன் என்பதே. ஆனால் அலுப்பு எதனால், ஏச்சு யாரிடமிருந்து, வீட்டுக்கு வராதவன் கோயிலடிக்கு மட்டும் வருவது ஏன் என்று ஒவ்வொரு விடைக்குள்ளும் அடுத்த வினா ஒன்று காத்திருக்கிறது. என் நண்பரின் "சொந்த அலுவல்" என்பதற்குள்ளும் அது காத்திருந்தது. இரண்டாவது வினாவைக் கேட்பவனே முதல் விடையைச் செவிமடுத்தவன்.

வினாவுகிறவன் தானும் விடை சொல்லக் கடமைப்பட்டவன். ஆர்தர் ஆரன் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் முதலியோர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று பலராலும் பேசப்படுவது. அறிமுகமில்லாத இருவருக்கு 36 வினாக்களை மூன்று பகுதிகளாகக் கொடுத்தனர். தொடக்கத்தில் எளியவை; போகப்போக உள்ளத்தை நெருங்குபவை. முக்கால் மணி நேரத்தில், மேலோட்டமாகப் பேசிய சோடிகளைக் காட்டிலும் இவர்கள் தம்முள் மிகுந்த நெருக்கத்தை உணர்ந்தனர். இதிற் கவனிக்கவேண்டியவை இரண்டு. வினாக்கள் படிப்படியாக ஆழமாயின. ஒவ்வொரு வினாவுக்கும் இருவருமே விடை சொல்லினர். ஒருவர் மட்டும் கேட்க மற்றவர் மட்டும் சொன்னால் அது விசாரணை. நட்பில் இருபுறமும் கதவு திறந்திருக்கவேண்டும்.

அந்தியேட்டி வீட்டிலிருந்து வந்தபின் நான் ஒன்று செய்தேன். பள்ளித் தோழன் ஒருவன் 1986ஆம் ஆண்டு முதல் கனடாவில் இருக்கிறான். ஞாயிறுதோறும் தொலைபேசியிற் பேசுவோம். "அங்கே குளிரோ?" "இங்கே மழை." "அங்கே சாமான் விலையோ?" "இங்கேயுந்தான்." பல ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அந்த ஞாயிறு, "மச்சான், நீ அங்கே போய் இறங்கின அண்டு இரவு எங்கே படுத்தாய்?" என்று கேட்டேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். ஏழு பேர் இருந்த சிறு வீடு. படுக்க இடம் அடுப்படியில். முன்பின் அறியாத ஒருவர் தம்முடைய கம்பளியை இவனுக்குப் போர்த்துவிட்டுத் தாம் மேற்சட்டையோடு படுத்தாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினான். முடிவில் அவன் என்னைக் கேட்டான்: "மச்சான், அப்ப நீ ஏன் வெளிக்கிடேல்லை?"

எனக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. கடமை என்று சொல்லலாம். அச்சம் என்றும் சொல்லலாம். இரண்டும் பாதி உண்மை. இரண்டு ஞாயிறு கழிந்தபின்னரே உண்மையான விடையைச் சொன்னேன். அதைச் சொல்லும்பொழுதுதான் நானும் அதை அறிந்தேன். நல்ல நண்பனுடைய வினா நம்மை நமக்கே காட்டிவிடுகிறது.

எச்சரிக்கையாகச் சில வார்த்தைகள் கூறவேண்டும். நாலுபேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவனுடைய உள்ளத்தைத் தொடும் வினாவைக் கேளாதீர்கள். நடந்துபோகும்பொழுது, கடற்கரையில் இருக்கும்பொழுது, ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்பொழுது கேட்பது நல்லது; முகத்துக்கு முகம் பாராதிருக்கும்பொழுது சிலருக்குப் பேச்சு எளிதாகும். "அதைப்பற்றி இப்ப வேண்டாம்" என்று நண்பன் சொன்னால் அவ்வளவோடு விட்டுவிடுங்கள்; சொல்லாதிருக்கும் உரிமை அவனுடையது. சொன்னால், உடனே புத்திமதி கூறத் தொடங்காதீர்கள். உங்களிடம் சொன்னதை, உங்கள் வீட்டாரிடங்கூட, மறுபடி சொல்லாதீர்கள். இவற்றைக் காக்க முடியாதவன் மழையைப்பற்றியே பேசிக்கொண்டிருப்பது மேல்.

திருவள்ளுவர் நட்பைக் குறித்து ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவற்றுள் ஒன்று நட்பாராய்தல். நட்புக் கொள்ளுமுன் ஆராயவேண்டும் என்பது அதன் கருத்து. நாமும் ஒருவனோடு சேருமுன் ஊரையும் உறவையும் குணத்தையும் ஆராய்கிறோம். நண்பனாகிய பின்பு, எல்லாம் தெரியுமென்று எண்ணி ஆராய்வதை நிறுத்திவிடுகிறோம். அவனோ ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கிறான். பத்தாண்டுக்கு முன் அறிந்தவனோடு பேசுவதாக எண்ணி, இன்றுள்ளவனை அறியாதிருக்கிறோம்.

நம் மொழியிலே "கேள்" என்று ஒரு சொல் உண்டு. வினாவு என்பது அதன் பொருள். செவிமடு என்பதும் அதன் பொருள். அதுவே பெயராய் நின்று உறவையும் நட்பையும் உணர்த்தும். கேளிர் என்பது அவ்வழி வந்த வழக்கு. ஒரே சொல்லுக்குள் இம்மூன்றும் வந்து கூடியிருக்கின்றன. வினாவாமலும் செவிமடுக்காமலும் கேளிராதல் எங்ஙனம்?

இளைஞர்களே, இக்கூட்டம் கலைந்ததும் வெளியில் நின்று ஒருவரையொருவர் "என்ன புதினம்?" என்று கேட்கப் போகிறீர்கள். நன்றாகக் கேளுங்கள். "ஒரு புதினமும் இல்லை" என்று விடை வந்தபின், போய்விடாமல் இன்னும் ஒரு வினாவைக் கேளுங்கள். யாரிடத்தில் எந்தச் சொந்த அலுவல் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் காலம் இருக்கும்பொழுதே கேட்டுவிடுங்கள்.